நாலு மணிக்கு அடிப்பூட்டில் சங்கிலி

லொரைன் பிக்கரிங்குக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. படகின் சுக்கானைப் பிடித்திருக்கும் கை மட்டும் இறுகும். அன்று காலையிலிருந்தே இறுகித்தான் இருந்தது.

மேட்டிலிருந்து ஊருக்குள் இறங்கும் கால்வாயில் படிப்படியாக நீர்ப்பூட்டுகள்: மேலும் கீழும் கதவு வைத்த தொட்டிகள்; தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்குவார்கள். கடைசியில் இருக்கும் அடிப்பூட்டின் கதவு மக்கிப்போய்விட்டது. அதை மாற்றுவதற்காக அன்று மாலை நாலு மணிக்குச் சங்கிலி போடுகிறார்கள். திறக்க மார்ச் ஆகும். அதற்குள் கீழே போய்ச் சேர்ந்தாக வேண்டும். கீழே ஊர், ஊரில் பள்ளிக்கூடம், பள்ளிச் சமையலறையில் திங்கட்கிழமை முதல் அவளுக்கு வேலை. ஐம்பத்தெட்டு வயதில் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. மேலேயே மாட்டிக்கொண்டால் அந்த வயற்காட்டில் பஸ்ஸும் கிடையாது, ஒழுங்கான ரோடும் கிடையாது. வேலை போனது போனதுதான்.

வீட்டை விற்றுவிட்டுப் படகில் வாழலாம் என்று ஆரம்பித்தது அவள் கணவன் டெஸ்மண்ட். கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும் அந்த இரும்புப் பெட்டிக்குள் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டது என்னவோ அவள். கரி அடுப்பு அணையாமல் காப்பதும் கக்கூஸ் தொட்டியைச் சுமந்துபோய்க் கொட்டுவதும் அவள் பாடு. கரையில் போகிற வருகிறவர்களோடு பேசுவது அவன் பாடு.

அன்று அவனுக்கு ஒரே வேலைதான். மதகு திருகும் இரும்புக் கைப்பிடியோடு சைக்கிளில் முன்னால் போய், அடுத்த பூட்டில் தண்ணீரை நிரப்பிக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். ஆனால் கால்வாயில் ஒரு வழக்கம் உண்டு. பூட்டின் நீர்மட்டம் எதிர்ப்படகுக்குத் தோதாக இருந்து, அந்தப் படகும் கண்ணில் பட்டுவிட்டால், முதல் வழி அதற்குத்தான். மீறி மதகைத் திருகுவது பந்தியில் அடுத்தவர் இலையில் கை வைப்பது மாதிரி. டெஸ்மண்டோ கண்ணில் படாத படகுக்கும் வழிவிடுகிற தர்மப்பிரபு. எங்கோ இன்ஜின் சத்தம் கேட்டாலே கைப்பிடியை இடுப்பில் செருகிக்கொண்டு காத்து நின்றான். படகு வந்தால் அதிலிருந்தவர்களிடம் அவர்கள் நாயின் வயதை விசாரித்தான். ஒரு பூட்டில் வெகுநேரம் காத்திருந்தும் எந்தப் படகும் வரவில்லை.

"டெஸ், அது டிராக்டர்."

"வந்தாலும் வரலாம்னு பார்த்தேன், கண்ணு."

அதோடு அவள் கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ படகை ஓட்டு. யார்கிட்டயும் பேசாதே. நாய்கிட்டகூட."

அவள் அடிப்பூட்டை அடைந்தபோது மணி மூன்றே முக்காலுக்குப் பக்கம். பூட்டு காலியாக, கீழ்க்கதவு திறந்து கிடந்தது. கீழே வளைவில் ஒரு சிவப்புப் படகு; அதற்கு முன்னால் கரையில் கைப்பிடியோடு விறுவிறுவென்று ஒரு பெண். முறை அவர்களுடையதுதான், சந்தேகமே இல்லை. சங்கிலியை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்த காவலாளி எந்தப் பக்கமும் சாயவில்லை. இனி ஒரு படகுக்குத்தான் நேரம் இருக்கிறது, யார் என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

லொரைன் கீழ்க்கதவின் நீண்ட மரக்கையில் முதுகைக் கொடுத்துத் தள்ளினாள்.

அந்தப் பெண் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "ஏங்க, எங்களைப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"அப்புறம்?"

"பார்த்துட்டுத்தான் மூடறேன்."

"லீவுக்கு வாடகைப் படகு எடுத்துட்டு வர்றவங்கதான் இப்படிச் செய்வாங்கன்னு நெனச்சேன்."

படகில் வாழ்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வசவு கிடையாது. காது சுட்டது. லொரைன் மேல்கதவுக்குப் போய் மதகைத் திருகினாள். தண்ணீர் ஏறியது, டெஸ்மண்ட் தலையைக் குனிந்தபடி படகை உள்ளே கொண்டுவந்தான். பிறகு தண்ணீர் இறங்க இறங்க, படகோடு கூடவே இறங்கிக்கொண்டிருந்த அவன் குரல் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனது.

சங்கிலி விழுந்தது. சிவப்புப் படகு இனி மார்ச் வரை மேலே போக முடியாது; குளிர்காலத்தை ஊரில்தான் கழிக்க வேண்டும். ஊர்க்கரையில் மிச்சமிருந்த ஒரே இடத்தில் லொரைனின் படகு கட்டியாயிற்று; இனி கயிறு கட்ட ஒரு முழம் இடம் இல்லை. வேறு படகின் விலாவோடு சேர்த்துக் கட்டினால்தான் உண்டு. அப்படிக் கட்டினால் கரைக்குப் போக வர அந்தப் படகின் மேல்தான் ஏறி இறங்க வேண்டும்.

லொரைன் கடைக்குப் போய் வருவதற்குள் டெஸ்மண்ட் அவர்களை அழைத்துத் தங்கள் படகின் விலாவிலேயே கட்டவைத்திருந்தான்.

"எங்கதான் போவாங்க, பாவம்? நாமதானே வழியை மறிச்சோம்."

"நாம இல்ல. நான்."

"அதைத்தான் அவங்ககிட்டயும் சொன்னேன்."

திங்கட்கிழமை லொரைன் வேலையில் சேர்ந்தாள். நாள் முழுக்க உருளைக்கிழங்கு. மாலை இடுப்பு விட்டுப்போகத் திரும்பினால், அந்தப் பெண் வெண்டி, அவள் புருஷன், ஈர நாய் எல்லாரும் லொரைனின் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். டெஸ்மண்ட் டீ ஊற்றிக்கொண்டிருந்தான். நாய்க்கு வயது பதினொன்று என்று லொரைனிடம் சொன்னான்.

வெண்டி அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். "வேலை பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு," என்றாள் லொரைன். கோட்டைக் கழற்ற இடமில்லாமல் வாசற்படியிலேயே நின்றாள்.