கீழ்க்காய்நெல்லியும் என் தங்கையின் கோழிகளும்

மதிப்புக்குரிய ஐயா, அல்லது அம்மணி,

மாம்புரியில் கணவனை இழந்து வாழும் என் தங்கை, முட்டைக் கோழிகளை நம்பியே மூன்று பிள்ளைகளை வளர்க்கிறாள். சென்ற கச்சான் காற்றுக் காலத்தில் அக்கோழிகளுக்கு இரத்தக் கழிச்சல் கண்டது. மிருக வைத்தியர் தந்த தூளை நீரில் கரைத்து வைக்கும் பொறுப்பை நானே ஏற்றேன். தொட்டி காயக் காய மருந்து நீரையே நிரப்பினேன். எவ்வளவு ஆவலாய்க் குடிக்கின்றன என்று மகிழவும் செய்தேன். அந்த அனற்காற்றில் அவை வழக்கத்தைவிட இருமடங்கு நீர் அருந்தும் என்பதும், மருந்தும் அவ்வாறே உடலில் சேரும் என்பதும் என் சிந்தைக்கு எட்டவில்லை.

கழிச்சல் நின்றது; கோழிகள் எழவில்லை. கொண்டைகள் வெளுத்தன. சாகுமுன் ஒன்றை அறுத்துப் பார்த்தோம். ஈரல் வீங்கி, மஞ்சள் பூசியது போலிருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது. வைத்தியரிடம் என் பிழையை மறைக்காமல் உரைத்தேன். மருந்தை உடனே நிறுத்தச் சொன்ன அவர், கெட்ட ஈரல் தேறுமென்று உறுதி கூறவில்லை. காமாலைக்கு நாம் அரைத்துக் குடிக்கும் கீழ்க்காய்நெல்லியைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். கெடுதியில்லை, கொடுத்துப் பாருங்கள் என்றார்.

வெங்காயப் பாத்திகளில் அது களையாய் மண்டிக் கிடந்தது. ஆயினும் பூச்சிமருந்து தெளித்த மண்ணிலிருந்து பறிக்க மனம் ஒப்பவில்லை. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும் நீர் வழிந்தோடும் ஓரத்தில் முளைத்ததையே பறித்தேன். பாங்கு சொல்லும் மோதினார் பார்த்துவிட்டு, என்னை அண்ணன் முறையில் அழைத்து, "என்ன நானா, கோழிக்கும் மஞ்சக் காமாலையா?" என்றார்.

"ஓம். நான்தான் வர வெச்சது," என்றேன்.

பாதிக் கோழிகளுக்கு மட்டும் கொடுத்தால் இலையின் பலன் தெளிவாகும் என்று தங்கையிடம் சொன்னேன். அவள் அரைப்பதை நிறுத்தவில்லை.

"நானா, மத்தப் பாதி மௌத்தானா நீங்களா முட்டை போடப் போறீங்க?"

ஒன்றையும் சாக விடக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் தவிட்டில் பிசைந்து கொடுத்தோம். ஐந்து கோழிகள் இறந்தன. மற்றவை ஒவ்வொன்றாய் எழுந்தன. சில வாரங்களில் முட்டையும் வந்தது. பின்னர் ஒன்றை அறுத்தபோது ஈரல் செந்நிறமாய், உறுதியாய் இருந்தது. மருந்தை நிறுத்தியதாலா, இலையாலா என்று பிரித்துச் சொல்ல இயலாது என்றார் வைத்தியர். அது நேர்மையான சொல். ஆயினும் நாங்கள் கொடுத்த முறையைத் தம் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

இவ்வருடம் அந்நோய் மீண்டும் வந்தது. மருந்தை அளந்த நீரில் மட்டும் கரைத்து, முதல் நாளிலிருந்தே இலையையும் கொடுத்தேன். ஒரு கோழியும் சோரவில்லை. தங்கையின் முட்டைகள் ஒரு நாளும் தவறாமல் கடைக்குப் போயின. அதைக் குறித்து நான் பெருமை கொள்கிறேன்; அப்பெருமையில் பாதி அவளுடையது.

கோழி வளர்க்கும் பிறருக்கும் உதவும்படி, என் பிழையையும் வைத்தியரின் ஐயத்தையும் நீக்காமல், இக்குறிப்பைத் தாங்கள் முழுமையாக வைத்திருக்க வேண்டுகிறேன்.