டைபாய்டு இல்லை, குடிதான்

எனக்கு டைபாய்டு என்றுதான் இங்கே பூஜைக்கு வந்திருக்கும் கரமனைக்காரர்கள் எல்லோரும் கேள்விப்பட்டீர்கள். அம்மா முதலில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். டைபாய்டு இல்லை. குடித்துக் குடித்து என் ஈரல் கெட்டுப்போனது. அம்பாள் என்னைக் காப்பாற்றியதைச் சொல்ல வந்த இடத்தில் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் காயத்ரி. கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் சாஃப்ட்வேர் வேலை. அலுத்துப்போன வாரத்தின் முடிவில் டீமோடு குடிக்கப் போவோம். ஆண்கள் எவ்வளவு குடித்தார்களோ அவ்வளவும் நானும் ஒரே இருப்பில் குடித்தேன். அவர்களுக்கு நான் குறைந்தவள் இல்லை என்கிற வீம்பு முதலில். பிறகு அது இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. திங்கட்கிழமை அவர்கள் சிரித்துக்கொண்டு ஆபீஸ் வருவார்கள். நான் லீவு போட்டு வாடகை ஃபிளாட்டில் சுருண்டு கிடப்பேன்.

என் அண்ணா ரமணியும் குடிப்பான். தெருவுக்கே தெரியும். போன ஓணத்துக்குக் குடித்துவிட்டு ஸ்கூட்டரோடு விழுந்து கையை ஒடித்துக்கொண்டபோது பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தீர்கள். "ஆண்பிள்ளையாக்கும், சரியாயிடுவான்" என்றீர்கள். எனக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒளிந்து குடித்தேன். வயிறு வீங்கியது. கண் மஞ்சளித்தது. டாக்டரிடம் போகவில்லை. போனால் கேட்பார்களே! நோயைவிட அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன்.

போன வருஷம் ஐப்பசி மாதம், நல்ல மழை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவைப் பார்க்க வந்தவள், கொல்லைக் குழாயடியில் ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்தேன். அம்மாவும் அண்ணாவும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சின்ன வயது லேடி டாக்டர். "மத்யம் கழிக்காறுண்டோ?" என்று கேட்டார், குடிப்பதுண்டா என்று.

நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா, "சிவசிவா! எங்காத்துப் பொண்ணாக்கும். அதெல்லாம் கிடையாது" என்றாள்.

டாக்டர் அடுத்த கேள்விக்குப் போனார். எனக்குக் கண் இருண்டுகொண்டு வந்தது. இந்தப் பொய்யோடு நான் செத்துப்போவேன் என்று தெரிந்தது. உயிரைக் கொடு என்று நான் வேண்டவில்லை. 'அம்பாளே, ஒரு வார்த்தை பேச எனக்கு பலம் கொடு' என்று மட்டும் வேண்டினேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை. ஸ்லோகம் இல்லை, நேர்ச்சை இல்லை.

"குடிப்பேன் டாக்டர். நிறையக் குடிப்பேன்." அது என் குரல்தான். அவ்வளவு தெம்பு என் உடம்பில் அப்போது கிடையாது. அதைக் கொடுத்தது அவள்.

என் தோளிலிருந்து அம்மாவின் கை நழுவியது. அண்ணா பாய்ந்தான். "எந்தாடி சொல்றே? பொம்மனாட்டி குடிக்கற சாதனமா அது?"

"நீ குடிக்கற அதே சாதனம்தான்" என்றேன்.

சிகிச்சை அந்த நிமிஷமே மாறியது. பெண்ணுடம்பில் நீர் குறைவு, அதனால் ஆணுக்குச் சமமாகக் குடித்தாலும் ரத்தத்தில் அதிகமாக ஏறும், ஈரலும் சீக்கிரம் கெடும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். ஒழுக்கத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் திரும்பியிருக்க மாட்டாய் என்று மட்டும் சொன்னார்.

அம்மா என்னோடு பேசவில்லை. கஞ்சி ஊட்டுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அதுதான் ரொம்ப வலித்தது. பக்கத்து வீட்டு மாமி ஆஸ்பத்திரிக்கு வந்து, "டைபாய்டு இறங்கித்தா?" என்று விசாரித்த அன்றுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"டைபாய்டு ஒண்ணுமில்லை மாமி. குடிச்சா. இப்போ நிறுத்தியாச்சு. யார்ட்ட வேணும்னாலும் சொல்லிக்கோங்கோ. என் பொண்ணு உசுரோட இருக்கா, எனக்கு அது போரும்."

நான் கேட்காத வரத்தையும் அம்பாள் கொடுத்தாள். ஓவென்று அழுதேன்.

குடியை நிறுத்துகிறவர்கள் கூடும் கூட்டத்துக்கு இப்போது வாராவாரம் போகிறேன். முதல் நாள் வாசலில் நின்றவர், "ஹஸ்பெண்ட் எவிடெ?" என்று கேட்டார். புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்தவள் என்று நினைத்துவிட்டார். "ஞானாணு" என்றேன், நான்தான் என்று. அவர் திகைத்துப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். அங்கே நான் ஒருத்திதான் பெண். மற்ற பெண்கள் எங்கே? குடிக்காமல் இருக்கிறார்களா, ஒளிந்து கிடக்கிறார்களா?

இதையெல்லாம் பூஜை நடக்கும் இடத்தில் சொல்லணுமா என்று உங்களில் இரண்டு பேர் என்னிடம் கேட்டீர்கள். சொல்லணும். இங்கே சொல்ல முடியாவிட்டால் வேறு எங்கே போய்ச் சொல்வது?

இந்த நவராத்திரிக்கு, எல்லோரும் சுண்டல் வாங்கிக்கொண்டு போன பிறகு அண்ணா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அந்த டாக்டர் நாளைக்கு இருப்பாளா?" என்றான். மறுநாள் காலையில் நானே கூட்டிக்கொண்டு போனேன்.

தாயே, உனக்குக் கோடி நமஸ்காரம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களில் யாராவது ஒருத்திக்கு இப்போது நெஞ்சு படபடக்கிறது என்றால், அவளுக்குச் சொல்கிறேன். பயப்படாதே. அம்பாளை நம்பி எழுந்து வா. துணைக்கு நான் வருகிறேன்.