தட்டில் விழுந்த உமி

என் பேத்தியின் வலது கண்ணைக் கெடுத்தது நான்தான். நோய் பாதி, நான் பாதி என்று பங்கு பிரிக்க எனக்கு ஆசைதான். டாக்டர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒழுங்காக மருந்து விட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் அவளுக்கு முழங்கால்கள் வீங்கின. காலையில் எழுந்தால் கால் மடங்காது. குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்றார்கள். கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு அது பெரிய வேடிக்கை. "கெழடுகளுக்கு வார நோக்காடு பச்சப் பிள்ளைக்கு வருமாக்கும்?" என்று ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள். அவர்களை நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவன் அல்லவா? ஆட்டுக் கண்ணை அறுத்து, கருவிழி இது, கண்ணீர்ச் சுரப்பி இது என்று வருடா வருடம் காட்டிய மேதை.

பிறகு கண் உறுத்தத் தொடங்கியது. "மண்ணு விழுந்த மாதிரி இருக்கு தாத்தா" என்று சிமிட்டிக்கொண்டே இருப்பாள். மூட்டை வீங்கவைக்கும் அதே அழற்சிதான் கண்ணின் மேற்பரப்பையும் வறளச் செய்கிறது என்றார் திருநெல்வேலி கண் டாக்டர். செயற்கைக் கண்ணீர் என்று ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்து, பகல் முழுக்க சில மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணில் விடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மருமகளிடம் நக்கலடித்தேன். "ஏம்மா, குடிதண்ணிய விலைக்கு வாங்குதோம், சரி. கண்ணீரையுமா விலைக்கு வாங்கணும்? இவ அழுத அழுகையில ஒரு கண்மாய் நெறைஞ்சிருக்குமே."

"டாக்டர் சொன்னதச் செய்வோம் மாமா" என்றாள் அவள். அவள் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு பார்க்கிறாள். மகன் வெளியூரில். பகலில் மருந்து விடுவது என் பொறுப்பு. நான் விடவில்லை. சாயங்காலம் அவள் கேட்டால், "விட்டாச்சு" என்பேன். பேத்தி பக்கத்தில்தான் நிற்பாள்.

உறுத்தலுக்குக் காரணம் கரிசல் காற்றில் வரும் தூசிதான் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லியிருந்தேன். கழுகுமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் நாக்கால் கண் தூசி எடுக்கிறவர் ஒருவர் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருமகளுக்குச் சொல்லாமல், பேத்தியை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். நெடிய வரிசை. அந்த ஆள் வாயைக் கொப்பளித்துவிட்டு, இமையைப் பிதுக்கி நாக்கு நுனியை விட்டுத் துழாவினார். நான் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். தட்டில் துப்பிய எச்சிலில் ஒரு கம்பு உமி மிதந்தது.

"பாத்தீயளா அண்ணாச்சி? இத வச்சுக்கிட்டு பிள்ள எப்படித் தூங்கும்?"

பூரித்துப்போனேன். வரும் வழியில் அவள், "இன்னும் உறுத்துது தாத்தா" என்றாள்.

"அதான் எடுத்தாச்சே. சும்மா வா ஏட்டி."

பிள்ளையின் வாயை நம்பவில்லை. அந்த ஆளின் தட்டை நம்பினேன். உமி அவர் கடைவாயிலிருந்து வந்தது என்று எந்த மடையனுக்கும் தெரிந்திருக்கும். ஆட்டுக் கண் அறுத்த எனக்குத் தெரியவில்லை.

ஏற்கெனவே வறண்டு கிடந்த கருவிழி. அதில் கீறல் பட்டு, எச்சில் பட்டு, புண் வைத்தது. இரண்டு நாளில் அவளால் வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை. திருநெல்வேலி டாக்டர் வைத்தியத்தில் புண் ஆறியது, ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்குக் கரும்பலகையில் எழுத்து புகையாகத் தெரிகிறது.

மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விடாத மருந்தையும் சேர்த்து. அவள் மருந்துப் புட்டியை எடுத்து என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

அந்தத் தூசிக்காரரிடம் சண்டைக்குப் போனேன். "நானா உங்க வீட்டுக்கு வந்தேன்? நீங்கதான கூட்டிட்டு வந்தீய?" என்றார். அதன்பின் பல ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே போய், வரிசையில் நிற்பவர்களிடம் நடந்ததைச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிப் பார்த்தேன். "சாரு பேத்தி கண்ணக் கெடுத்துட்டு இங்கன வந்து புத்தி சொல்லுதாரு" என்று ஒருத்தர் சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது. ஒருவரும் நகரவில்லை. அவர்கள் இடத்தில் நான் நின்றிருந்தாலும் சிரித்திருப்பேன்.

பரிசோதனைக்கு இப்போது நான்தான் அவளைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போகிறேன். அவ்வளவு தூரம் மருமகள் என்னை நம்புகிறாள். சென்ற மாதம் பேத்தியிடம், "நான் மருந்து விடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் தாத்தா. நீங்க விடாமலே விட்டாச்சும்பீய."

அவளே விட்டுக்கொள்கிறாள். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடிக்க மட்டும் எனக்கு அனுமதி உண்டு. கண்ணாடி லேசாக அசைந்தால், "ஆட்டாதீங்க" என்று அதட்டுகிறாள்.