பூட்டிக் கிடந்த பதினொரு வீடுகள்

தென்காசி பேருந்து நிலையத்தில் வீரகேரளம்புதூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது ஜெபமணியின் கணவர் போன் செய்தார். "அக்கா, ஜெபம் போயிட்டா. காலையில நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரி வாசலத் தாண்டல." வண்டி வந்தது, போனது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

மூன்றாம் நாள் அவள் வீட்டு முன்பு பந்தலில் கூடினோம். நானும் அவளும் ஒரே நாளில் ஒப்பந்தத்தில் சேர்ந்து, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவர்கள். எங்களுக்கு மேலே இருந்த அதிகாரி எழுந்து பேசினார். "ஜெபமணி நூறு சதவீத உழைப்பாளி. ஒரே ஒரு தவறு நடந்துபோச்சு. இன்னைக்கு அத மறந்திருவோம்." எங்களோடு கணக்கெடுத்த நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தவறு எது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நூறு சதவீதம் என்று எவன் சொன்னாலும் ஜெபம் விடமாட்டாள். சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு டீக்கடைக்காரர், சூரியகாந்திப் பூவைப் படம்பிடிக்க வரும் சினிமாக்காரர்களால் வியாபாரம் நூறு சதவீதம் கூடிவிட்டது என்றார். "எத்தனைல இருந்து எத்தனை அண்ணாச்சி?" என்று கேட்டாள். போன வருடம் ஒரு ஷூட்டிங், இந்த வருடம் இரண்டு. "கணக்கு சரிதான், மூணாவது ஷூட்டிங் வந்தா சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே வடையை எடுத்தாள்.

அதிகாரியிடமும் அதே வாய்தான். ஒரு கணக்கெடுப்பில் மக்களின் திருப்திக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுத்திருந்தோம். அவர் எல்லாவற்றையும் கூட்டி வகுத்து, சராசரித் திருப்தி என்று தசமப் புள்ளியோடு எழுதினார். "சார், இது வரிசைதான். பந்தயத்துல முதல்ல வந்தவனுக்கும் ரெண்டாவது வந்தவனுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு இந்த நம்பர் சொல்லுமா?" என்றாள். "கம்ப்யூட்டர் போடுதேம்மா" என்றார். "கதவு நம்பரக் குடுத்தாலும் அது சராசரி போடும் சார்." அன்றைக்கே அவர் அவளைக் குறித்து வைத்துக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது.

குற்றாலத்தில் குடிநீர்க் கணக்கெடுப்பு வந்தது. அருவி ஊர்தான், ஆனால் பின்தெருக்காரர்கள் குடத்தோடு முக்கால் மைல் நடக்கிறார்கள். குழாய் போடலாமா என்று முடிவெடுக்கத்தான் இந்தக் கணக்கு. குலுக்கலில் வந்த வீட்டுக்குத்தான் போகவேண்டும். பூட்டியிருந்தால் மூன்று தடவை போகவேண்டும், பக்கத்து வீட்டை எடுக்கக் கூடாது. சாரல் காலத்தில் அந்தத் தெருவே அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடவும் பழம் விற்கவும் போய்விடும். நான் ஒரு நாள் பதினொரு மணிக்குப் போனேன். பதினொரு வீடு பூட்டிக் கிடந்தது. மழை, கால் வலி, சலிப்பு. முன்தெருவில் ஆள் இருந்த வீடுகளில் கேட்டு, பூட்டிய வீடுகளின் எண்ணைப் போட்டு நிரப்பினேன். அவர்கள் ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர்கள். எல்லோருக்கும் திருப்தி.

சரிபார்க்க வந்த ஜெபம் ஒரே பார்வையில் கண்டுபிடித்தாள். "ஏட்டி, மூட்டை வாயில கிடக்க அரிசிய மட்டும் பாத்து வெல பேசுவியா? குத்தூசி எதுக்குட்டி இருக்கு, அடிவரைக்கும் குத்திப் பாக்கத்தானே?" திட்டிவிட்டு, அருவியில் வெள்ளம் வரும் வரை காத்திருந்தாள். குளிக்கத் தடை போட்ட அன்று காலையே போன் செய்தாள். "இன்னைக்கு யாவாரம் கெடையாது. எல்லாரும் வீட்டுல இருப்பாவ. வாட்டி." நான் போகவில்லை. அவள் கொட்டுகிற மழையில் தனியாகப் போய்ப் பதினொரு வீட்டையும் முடித்தாள். பதினொரு வீட்டிலும் ஒரே பதில்: தண்ணீர் இல்லை.

பதினொரு வீட்டு எண்ணுக்கும் என் படிவம், அவள் படிவம் என்று இரண்டிரண்டு மேசைக்கு வந்தன. அதிகாரிக்குத் திருப்தியான ஊர் வேண்டியிருந்தது. "யாருது பொய்?" என்று எங்கள் இருவரையும் நிறுத்திக் கேட்டார். ஜெபம் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அதிகாரி அவளுடைய படிவங்களைக் கிழித்தார், அவள் ஒப்பந்தத்தையும் அந்த மாதத்தோடு முடித்தார். குழாயும் வரவில்லை. இந்த மனுஷன்தான் பந்தலில் நின்று மன்னிப்பு வழங்கினார்! அவள் எதற்கு மன்னிப்பு வாங்க வேண்டும்?

அன்றைக்கு அவர் அறையைவிட்டு வெளியே வந்ததும் ஜெபம் என்னிடம் சொன்னாள்: "நீ செஞ்சத நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லணும்." பிறகும் வீட்டுக்கு வந்தாள், என் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினாள். ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

படிவத்தில் ஏற்றுவதற்கு முன் அவள் அந்த வீடுகளில் எழுதிய குறிப்பு நோட்டை, மழையில் ஊறி மை பரவியதை, அவள் கணவர் என்னிடம் தந்தார். பதினொரு வீட்டு எண்ணும், போன நாளும் நேரமும் அதில் இருக்கின்றன. அது என்னிடம் இருக்கும். இந்தக் கட்டுரையோடு அதன் நகலையும் கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

பொய்ப் படிவங்கள் என்னுடையவை. பதினொன்றில் பதினொன்றும்.