இறக்கத்தில் அணையும் எஞ்சின்

சிவப்பு விளக்கில் நின்றதும் கார் அடங்கிப்போகிறது. நகோயாவில் ஒரு மாதமாக ஓட்டியும் என் கை சாவியைத் தேடுகிறது. பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும், இப்போதுதான் சந்தைக்கு வந்திருக்கும் இந்த ஹைப்ரிட் கார், தேவையில்லாதபோது எஞ்சினைத் தானே அணைத்துக்கொள்ளும். இதே கார் வைத்திருக்கும் அலுவலக நண்பருக்கு ஒரு லிட்டரில் கிடைக்கும் தூரம் எனக்குக் கிடைக்கவில்லை. காரணம் பார்க்க அவரே உடன் வந்தார். மலைச்சாலை இறக்கத்தில் நான் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை ஓங்கி மிதிப்பதைக் கவனித்தார். முன்கூட்டியே காலை எடுத்து, பிரேக்கை மெல்லத் தொட்டால் வண்டியின் வேகம் மின்சாரமாகி பேட்டரிக்குப் போகும், ஓங்கி மிதித்தால் வெறும் சூடாகி வீணாகிவிடும் என்றார். எஞ்சின் அணைந்திருக்கையில் பிரேக் போய்விடாதா என்று என் அரைகுறை ஜப்பானிய மொழியில் கேட்டேன். காரைக் குறை சொல்கிறேன் என்று எண்ணி, அதைத் தானே செய்தவர்போல் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்.

என் அண்ணன் ஏற்காட்டு மலைக்கிராமமான எங்கள் செம்மநத்தத்திலிருந்து சேலத்துக்கு வாடகை ஜீப் ஓட்டியவர். ஏற்காட்டைத் தாண்டியதும் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் விட்டு மலையிறங்குவார். பெட்ரோல் மிச்சம் பிடிக்க அப்போது பலரும் செய்ததுதான்.

"எறக்கத்துக்கு எதுக்கு கண்ணு பெட்ரோலு? மலையே சும்மா எறக்கி உடுது," என்பார் என்னிடம்.

"இந்தப் பிசினாரித்தனத்துக்கு மாட்டு வண்டி ஓட்டலாமுங்க," என்பார் அண்ணி.

"மாடு எறக்கத்துலயும் தீனி கேக்குமே."

கியரில் இல்லாத வண்டியின் பாரம் முழுவதையும் பிரேக்தான் தாங்கவேண்டும். ஒரு பங்குனிப் பகலில் அவர் தனியே இறங்கியபோது, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது. பள்ளத்திலிருந்து ஜீப்பை மேலே ஏற்றியபோதும் கியர் நியூட்ரலில்தான் இருந்தது. கஞ்சத்தனம்தான் அவரைக் கொன்றது என்று அண்ணி இத்தனை வருடமும் சொல்லிவந்தார். அவர் அழுகையெல்லாம் கோபமாகவே வந்தது.

சென்ற ஞாயிறு ஏற்காடு பஜார் போன் பூத்துக்கு அண்ணியை வரச்சொல்லி அழைத்து, காரைப் பற்றிச் சொன்னேன். எஞ்சின் நின்றாலும் பிரேக் பிடிக்குமா என்றுதான் முதலில் கேட்டார். பிடிக்கும், இறங்க இறங்க மின்சாரம்கூடச் சேரும் என்றேன்.

"அப்போ அவரு நெனச்சதுல தப்பில்லீங்களா, தம்பி?"

"நெனச்சதுல தப்பில்லீங்க அண்ணி. அந்த வண்டிதான் அதுக்குத் தோதில்ல."

"பொழுதுக்கும் பிசினாரின்னே வைஞ்சேனே சாமி. அன்னிக்குக் காலைலயும் அதத்தான் சொன்னேன். இனி யாருகிட்டப் போயி மாத்திச் சொல்லட்டும்?"

இன்று அதே இறக்கத்தில், நண்பர் சொன்னபடி முன்கூட்டியே காலை எடுத்தேன். எஞ்சின் அணைந்தது. திரையில் பேட்டரி ஏறிக்கொண்டே வந்தது. வலது கால் பிரேக்கை மெல்லத் தொட்டபடி ஜப்பானில் இறங்கிக்கொண்டிருந்தது. இடது கால் மட்டும், அண்ணனின் ஜீப்பை இரண்டாம் கியரில் போட, இந்தக் காரில் இல்லவே இல்லாத கிளட்சைத் தேடித் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.