கீழே கோடு இல்லாத கையெழுத்து

ஒருத்தர் கையால் செய்ததை இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டால், அதை எப்படித் திரும்ப வாங்குவது? உளியக்காவின் கதையை முதலில் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. வாய்விட்டுக் கேட்க வேண்டியதுதானே என்று நினைத்தேன். அவள் கேட்டிருக்கிறாள். நாலு தடவை.

உளியக்கா வேலை செய்தது ஒரு அச்சகத்தின் கீழறையில். ஏழு படி இறங்க வேண்டும். மேசைக்கு எதிரே கூரையை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல். அதில் தெரிவது தெரு இல்லை, தெருவில் போகிறவர்களின் கால்கள். தேய்ந்த செருப்பு, அவசரமான பூட்ஸ், ஒரு காலை இழுத்து நடக்கும் தபால்காரர். ஜன்னலடியில் போய் நிமிர்ந்து பார்த்தால் கால் பெரிதாகவும் தலை சின்னதாகவும் வானம் எங்கோ தொலைவிலும் தெரியும். அவள் படங்களும் அப்படியே ஆகிவிட்டன. பாதங்கள் பெரிதாக, முகங்கள் சின்னதாக, அதற்கு மேல் ஒரே கறுப்பு வானம், அதில் நாலே நாலு வெள்ளைக் கோட்டில் மழை.

அவள் செதுக்கியது லினோலியத் தகட்டில், ரப்பர் மாதிரி உளிக்கு இளகிக் கொடுக்கும் தகடு அது. செதுக்கிய இடம் தாளில் வெள்ளையாக விழும், விட்டுவைத்த இடம் கறுப்பாக விழும். தகட்டில் வலப்பக்கம் இருப்பது தாளில் இடப்பக்கம் போய்விடும். அதனால் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிச் செதுக்க வேண்டும், முக்கியமாக எழுத்தை. உளியக்காவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அதற்கு முன்னால் பதினான்கு வருஷம் ரப்பர் ஸ்டாம்ப் கடையில் எழுத்து வெட்டியவள். நேராக எழுதச் சொன்னால்தான் ஒரு நிமிஷம் யோசிப்பாள்.

அச்சகம் அவள் தங்கையின் கணவருடையது. ஊரில் அவருக்குப் பெயர் 'ஓவியர்'. ஒரு வருஷம் மெல்லிய பேனாக் கோடுகளாக வரைவார், அடுத்த வருஷம் நீர்வண்ணம், எந்தப் பத்திரிகைக்கு எது பிடிக்குமோ அது. எல்லாருடைய பாணியும் அவரிடம் இருந்தது, அவருடையதைத் தவிர. அப்படிப்பட்டவர் ஒருநாள் கீழறையில் காய்ந்துகொண்டிருந்த ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். "அண்ணி, இத அட்டைப்படமா போடலாமா?" என்றார். உளியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகம் வந்தபோது படத்தின் மூலையில் ஓவியரின் கையெழுத்து மட்டும்தான் இருந்தது.

அதைச் செதுக்கியதும் அவள்தான். அவர் தகட்டில் எழுத்து வெட்டியதே இல்லை. காகிதத்தில் போட்டுக் கொடுப்பார், இவள் திருப்பி வெட்டுவாள். காகிதத்தில் கையெழுத்துக்குக் கீழே ஒரு நீளக் கோடு இழுத்திருப்பார். இவள் அதை விட்டுவிடுவாள். "படத்துக்கு உதவாத வெட்டிக் கோடு" என்பாள். பதினொரு வருஷத்தில் அவர் அதைக் கவனித்ததே இல்லை.

"என் பேரையும் ஓரமா போடுங்க மாப்பிள்ளை" என்று கேட்டதற்கு, "அடுத்த புத்தகத்துல, அண்ணி" என்றார். அடுத்ததில், "நமக்குள்ள என்ன அண்ணி?" மூன்றாவது தடவை சிரித்தார். நாலாவது தடவை சிரிக்கக்கூட இல்லை.

பிறகு ஒரு பத்திரிகையில் அவர் பேட்டி வந்தது. அந்தத் தாழ்ந்த கோணம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டிருந்தார்கள். நீண்ட பயணங்களில் கிடைத்ததாம். அவர் அந்த ஏழு படி இறங்கியதே மாதத்துக்கு ஒருமுறைதான். உதவிக்கு யாரும் உண்டா என்ற கேள்விக்கு, "மை தடவ ஒரு அம்மா இருக்காங்க" என்று சொல்லியிருந்தார்.

உளியக்கா அழவில்லை. அந்த வரியை மட்டும் கத்தரித்து மேசை விளக்கின் அடியில் ஒட்டிக்கொண்டாள். ஒவ்வொரு நாள் காலையிலும் விளக்கைப் போட்டதும் அதைப் படிப்பாள். பிறகு உளியைத் தீட்டுவாள். அந்த மாதங்களில் உளிகளுக்கு இருந்த கூர்மை அதற்கு முன் எப்போதும் இருந்ததில்லை.

நாள் தானாக வந்தது. ஓவியரின் படங்களை வைத்துக் கண்காட்சி நடத்த ஒரு அம்மா வந்தார். உளியக்கா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வந்தவர் அவளை வீட்டுவேலை செய்கிறவள் என்று நினைத்துக்கொண்டார். யாரும் திருத்தவில்லை.

"சும்மா மாட்டி வெச்சா பாத்துட்டுப் போயிடுவாங்கம்மா" என்றாள் உளியக்கா, டம்ளரை நீட்டியபடி. "எல்லார் முன்னாடியும் செதுக்கி அச்செடுத்துக் காட்டச் சொல்லுங்களேன்."

"அட, அருமையான யோசனையாச்சே!" என்றார் அந்த அம்மா. ஓவியரால் மறுக்க முடியவில்லை.

அவர் போனதும் ஓவியர் படி இறங்கி வந்தார். "என்ன அண்ணி, கழுத்தறுத்துட்டீங்களே!"

"ஏன் பதறுறீங்க மாப்பிள்ளை? முக்கால்வாசி நானே செதுக்கித் தர்றேன். மேல மழைக்கு நாலு கோடு இழுங்க, கீழ கையெழுத்த வெட்டுங்க. கை தட்டுவாங்க."

தங்கையை முன் வரிசையில் உட்காரவைத்ததும் உளியக்காதான்.

கண்காட்சி அன்று கூடம் நிறைந்திருந்தது. சுவர் முழுக்கப் பெரிய பாதங்கள். ஓவியர் மேசையில் தகட்டை வைத்தார். "இவங்க மை தடவுவாங்க" என்று உளியக்காவைக் காட்டினார். அவள் மை உருளையைப் பிடித்தபடி தலையாட்டினாள்.

மழைக் கோடுகள் ஒருவழியாக வந்தன. மூலைக்கு வந்ததும் அவர் கை நின்றது. ஏதோ ஒன்று இடறியிருக்க வேண்டும். குனிந்து, உதடு அசையாமல் கேட்டார்.

"அண்ணி, சரியா வருமா?"

ஒரே ஒரு சொல் போதும். 'திருப்பி' என்றால் பிழைத்துப்போவார். முன் வரிசையில் தங்கை புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். விளக்கடியில் ஒட்டியிருந்த வரி கண்ணுக்குள் வந்தது.

"உங்க கையெழுத்து உங்களுக்குத் தெரியாதா மாப்பிள்ளை?" என்றாள்.

அவர் வெட்டினார். நேராக, அழகாக, கீழே ஒரு நீளக் கோட்டோடு. அவள் மை தடவினாள், தாளை வைத்து அழுத்தினாள், உரித்து எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள்.

மூலையில் கையெழுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு முன்னால் பரவி வந்தது.

"என்னம்மா இது?" என்றார் கண்காட்சிக்கார அம்மா.

"எனக்கென்ன தெரியும்? நான் மை தடவற அம்மா."

"பதற்றத்துல ஆயிருக்கும்" என்று இன்னொரு தகட்டை ஓவியரிடம் நீட்டினார்கள். முதல் எழுத்தைத் திருப்பி வெட்டினார், இரண்டாவதை நேராக வெட்டினார், உளியைக் கீழே வைத்துவிட்டார். உளியக்கா அதை எடுத்தாள். பென்சில் குறி எதுவும் இல்லாமல், ஒரு நிமிஷத்துக்குள் கையெழுத்து முழுவதையும் திருப்பி வெட்டி, அச்செடுத்து மேசையில் வைத்தாள். சுவரில் இருந்த கையெழுத்து அப்படியே தாளில் இருந்தது.

கூட்டத்தில் ஒரு புத்தகம் தைப்பவர் இருந்தார். இரண்டு தாளையும் பார்த்துவிட்டுச் சுவர்களை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"அவர் போட்டதுல கீழ ஒரு கோடு இருக்கு. சுவத்துல இருக்கிறது ஒண்ணுலயும் அந்தக் கோடு இல்லையே சார்?"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஓவியர் வெளியே போனபோது அவருக்கு வழிவிட்டவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் வழிவிட்டார்கள். உளியக்கா உருளையை நிதானமாகத் துடைத்துவைத்தாள். அன்று அவளுக்கு நல்ல பசி எடுத்தது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் தங்கை கீழறைக்கு வந்தாள்.

"நாலு பேர் முன்னாடி மானத்த வாங்கிட்டியேக்கா."

"என்னோடத வாங்கினேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா நெனச்ச? பதினொரு வருஷமா தெரியும். குடும்பம் ஓடணுமேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்டி. அதனாலதான் உன்ன முன் வரிசையில உக்கார வெச்சேன்."

தங்கை ஏழு படியையும் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள். அடுத்த வாரம் உளியக்காவும் உளிகளை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இப்போது வேறொரு தெருவில், அதேபோல ஒரு தாழ்ந்த அறையில் இருக்கிறாள். மேலே நல்ல அறை காலியாக இருந்தும் இதைத்தான் கேட்டு வாங்கினாள்.

சில சாயங்காலங்களில் ஜன்னலுக்கு வெளியே இரண்டு கால்கள் வந்து நிற்கும். இடது செருப்பின் வார் பிய்ந்து தைத்திருக்கும். தங்கையின் கால்கள். உள்ளே வராமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடும். உளியக்கா கூப்பிடுவதில்லை. அந்தக் கால்களை ஒரு தகட்டில் செதுக்கியிருக்கிறாள், வாரில் இருக்கும் தையல் உட்பட. மூலையில் முதல் தடவையாகத் தன் பெயரை வெட்டினாள். இன்னொரு தடவை அந்த மேசை முன்னால் நிறுத்தினாலும் 'திருப்பி' என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

அவள் பெயர் இருப்பது அந்த ஒரு படத்தில்தான். மற்றதெல்லாம் இன்னும் ஓவியரின் கையெழுத்தோடு எத்தனையோ அட்டைகளிலும் சுவர்களிலும் இருக்கிறது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பெரிய பாதங்களும் கறுப்பு வானமுமாக ஒரு படத்தை எங்காவது பார்த்தால் கையெழுத்துக்குக் கீழே பாருங்கள். கோடு இல்லையென்றால், பக்கத்தில் இருப்பவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவரை இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.