கட்டிலுக்கடியில் சீத்தாக்கொட்டை

பசுந்தாங் பேட்டையில் எங்களுக்கு மேல்மாடியில் ஒரு யூதத் தம்பதி குடியிருந்தார்கள். எனக்கு மாமா, அத்தை. அம்மா சந்தையில் பழக்கடை போட்டிருந்தாள். சீத்தாப்பழம் வந்துவிட்டால் கட்டடமே தின்னும். அவர்கள் மட்டும் தொடமாட்டார்கள். புரட்டாசி வாக்கில் வரும் அவர்களுடைய வருடப்பிறப்பில், அந்தப் பருவத்தில் அதுவரை வாயில் வைக்காத ஒரு பழத்தை எடுத்து, இந்த நாள்வரை உயிரோடு வைத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லித் தின்பார்களாம். அம்மா பத்துத் தடவையாவது இதைச் சொல்லியிருப்பாள். எட்டு வயதில் எனக்கு எது காதில் ஏறியது?

அந்த வருடம் அத்தை படுத்த படுக்கையாகிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் அவருக்குத் துணையாக உட்காருவது என் வேலை. மாமா தினமும் காலண்டரில் ஒரு கட்டத்தைப் பென்சிலால் அடித்துவிட்டு, இன்னும் இத்தனை நாள்தான் என்று அத்தையிடம் சொல்வார். இந்த வயதில் பண்டிகைக்கு இப்படி ஒரு ஆசையா என்று எனக்குச் சிரிப்பு வரும்.

கஞ்சியும் மாத்திரையுமாகக் கிடந்தவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒருநாள் அம்மாவின் கூடையிலிருந்து கனிந்த பழமொன்றைத் திருடிக்கொண்டுபோய் நீட்டினேன். அத்தை பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் காலண்டரைப் பார்த்தார். பதினொரு கட்டம் பாக்கியிருந்தது.

"பிச்சுக் குடு," என்றார், எங்களோடு பழகிக் கற்ற தமிழில்.

முழுப் பழத்தையும் தின்றார். கொட்டைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

மறுநாள் வீட்டைப் பெருக்கிய மாமா, கொட்டைகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு கீழே வந்தார். அம்மா என்னை அறைந்தாள். அத்தைதான் கேட்டார் என்றேன்; பொய் சொல்கிறேன் என்று இன்னொன்று விழுந்தது. பிறகு அம்மா தவித்துப்போய், பம்ப்ளிமாஸ் வரப்போகிறது, முதல் பழம் உங்களுக்குத்தான் என்றாள்.

"பழத்துக்கா பஞ்சம்," என்றார் மாமா. "அவதான் காத்திருக்க மாட்டேங்கிறா."

அதன்பிறகு அவர் காலண்டரில் கை வைக்கவில்லை. பண்டிகைக்கு நான்கு நாள் முன்னால் அத்தை போய்விட்டார். அம்மா பம்ப்ளிமாஸைக் கொடுக்கப் போனபோது மாமா கதவைத் திறக்கவில்லை. ஒரு பழத்துக்காக இந்த மனிதருக்கு இவ்வளவு கோபமா என்று நான் அவரை மனதாரத் திட்டினேன்.

அத்தைமேலும் எனக்குக் கோபம்தான். இன்னும் பதினொரு நாள் நாக்கைக் கட்டியிருந்தால் எனக்கு அடி விழுந்திருக்காதே என்று.